சுவத்துல இறகு, டைம்டேபிள்ல பூஜ்யம்

நவம்பர் பொறந்துச்சுன்னா எங்க ஸ்கூல் வராண்டா பூரா பேப்பர் இறகு மொளைக்க ஆரம்பிச்சிடும். 1990-லேர்ந்து அமெரிக்காவுல அந்த மாசம் பூர்வகுடி மக்களோட பாரம்பரிய மாசம், அதனால சார்ட் பேப்பர்ல வெட்டுன இறகுக் கிரீடம், கூம்பு கூம்பா டென்ட், கீழ பெரிய எழுத்துல "நம் பண்பாட்டைக் கொண்டாடுவோம்". நான் கணக்கு எடுக்குற வகுப்புல பாதிக்கு மேல நவாஹோங்கிற பூர்வகுடிப் பிள்ளைங்க. அந்த நீள இறகுக் கிரீடம் இவங்களோடது இல்ல, அது வடக்க சமவெளிப் பக்கத்து ஜனங்க வைக்கிறது. டென்ட்டும் இவங்க பாரம்பரிய வீடு இல்ல, இவங்களோடது ஹோகான், மரக்கட்டையும் மண்ணும் வச்சு வட்டமாவோ எட்டுப் பக்கமாவோ கட்டி வாசலை கிழக்க பாத்து வச்சிருப்பாங்க. பிள்ளைங்க அந்த போர்டை பாத்துட்டு ஒண்ணும் சொல்லாம போயிடுவாங்க, டிசம்பர்ல அதை கழட்டிட்டு ஸ்னோமேன் ஒட்டிடுவாங்க, அவ்வளவுதான் பண்பாடு முடிஞ்சுது.

பி.எட் படிச்சவங்களுக்கு தெரிஞ்சிருக்கும், "பண்பாட்டுக்கு ஏத்த கற்பித்தல்"னு ஒரு பேச்சு முப்பது வருஷமா ஓடிட்டு இருக்கு. குளோரியா லாட்சன்-பில்லிங்ஸ்ங்கிற கல்வி ஆராய்ச்சியாளர் 1995-ல அதை பத்தி எழுதுனாங்க, அப்புறம் ஜெனீவா கே, அப்புறம் ட்ரெயினிங் கம்பெனிக்காரங்க எல்லாரும் பிடிச்சுக்கிட்டாங்க. இப்ப அது ஒரு பவர்பாயின்ட். ஆனா நவாஹோ ஊர்ல 1966-லேர்ந்து நடந்த கதையை கொஞ்சம் பாத்தீங்கன்னா, இது சுவர் அலங்கார சமாச்சாரமே இல்ல, டீச்சர் எவ்வளவு நேரம் வாயை மூடிட்டு நிக்கிறாரு, எந்த மாசத்துல எந்த பாடம், அதை யார் முடிவு பண்றாங்க, இந்த மூணும்தான் விஷயம்னு எனக்கு தோணுது. அதைத்தான் இங்க எழுதப் போறேன், கொஞ்சம் நீளமா போகும்.

முதல்ல ஊரை சொல்லிடறேன். நவாஹோ நேஷன்னா அரிசோனா, நியூ மெக்சிகோ, யூட்டா மூணு மாநிலத்துலயும் பரவி கெடக்குற சுமார் 27,000 சதுர மைல் நிலம். தலைநகரம் விண்டோ ராக். இங்க "ரிசர்வேஷன்"னா நம்ம ஊர் இடஒதுக்கீடு இல்ல, அந்த மக்களுக்குன்னு ஒதுக்குன நிலம், அவங்களுக்கு தனி அரசு, தனி கோர்ட்டு, தனி போலீஸ் எல்லாம் இருக்கு. அவங்க தங்களை டினேன்னு சொல்லிக்குவாங்க. நான் எக்ஸ்சேஞ்ச் விசாவுல வந்து எல்லைக்கு வெளிய ஒரு டவுன்ல வேலை பாக்குறேன், இந்த பக்கத்து ஸ்கூல்கள்ல டீச்சர் பற்றாக்குறை எப்பவும் உண்டு, ஃபிலிப்பைன்ஸ்லேர்ந்தும் இந்தியாவுலேர்ந்தும் நிறைய பேர் இப்படி வர்றோம். அதாவது, ஸ்கூல்ல சொல்லித்தர்றவங்களுக்கும் இங்கிலீஷ் ரெண்டாவது மொழி, கேக்குற பிள்ளைங்க வீட்லயும் பாட்டிக்கு இங்கிலீஷ் ரெண்டாவது மொழி, நடுவுல இங்கிலீஷ்ல ஒரு டெக்ஸ்ட்புக்.

பழைய கதையை தெரிஞ்சுக்காம இந்த ஸ்கூல்களை புரிஞ்சுக்கவே முடியாது. 1864-ல அமெரிக்க ராணுவம் இவங்க வயலையும் பழமரத்தையும் கொளுத்தி, ஆயிரக்கணக்கான பேரை நூத்துக்கணக்கான மைல் நடக்க வச்சு போஸ்க் ரெடோண்டோங்கிற இடத்துல அடைச்சுது. 1868-ல ஒப்பந்தம் போட்டு ஊருக்கு திரும்ப விட்டாங்க. அந்த ஒப்பந்தத்தோட ஆறாவது பிரிவுலதான் ஸ்கூல் வருது: 6 வயசுலேர்ந்து 16 வயசு வரைக்கும் உள்ள பிள்ளைங்களை கட்டாயம் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பணும், 30 பிள்ளைக்கு ஒரு டீச்சரும் ஒரு கட்டடமும் அரசாங்கம் தரும். டீச்சர் வர்றதுக்கு வருஷக்கணக்காச்சு, ஆனா பிள்ளைங்களை புடிச்சுட்டு போற வேலை மட்டும் பின்னாடி சூடா நடந்துச்சு. 1879-ல பென்சில்வேனியாவுல கார்லைல்னு ஒரு போர்டிங் ஸ்கூல், அதை நடத்துன ராணுவ அதிகாரி பிராட்டோட கொள்கையே "இந்தியனைக் கொல்லு, மனுஷனைக் காப்பாத்து"ங்கிறதுதான், ஒளிச்சு மறைச்சு சொல்லல, மேடையில சொன்னாரு. முடியை வெட்டு, பேரை மாத்து, வீட்டு பாஷை பேசுனா வாயில சோப்பு. அந்த ஒப்பந்தத்துல கையெழுத்து போட்ட தலைவர்கள்ல ஒருத்தரான மானுவெலிட்டோ, படிப்புதான் நம்மளை மேல ஏத்தும்னு நம்பி சொந்த மகன்களையே கார்லைலுக்கு அனுப்பினாரு. ஒரு மகன் நோய் வந்து செத்துட்டான்.

இதுல ஒரு அசிங்கமான திருப்பம் இருக்கு. 1942-ல அமெரிக்க மரைன் படை 29 நவாஹோ பசங்களை சேத்து அவங்க பாஷையிலயே ரகசிய சங்கேதம் உண்டாக்குச்சு, பின்னாடி நூத்துக்கணக்கான பேர் அதுல சேந்தாங்க, ஜப்பான்காரங்களால கடைசி வரைக்கும் அதை உடைக்க முடியல. அதுல நிறைய பேர், அந்த பாஷையை பேசுனதுக்காக போர்டிங் ஸ்கூல்ல தண்டனை வாங்குனவங்க. முதல் 29 பேருக்கு தங்கப் பதக்கம் 2001-ல குடுத்தாங்க, அப்ப அஞ்சு பேர்தான் உயிரோட இருந்தாங்க.

சரி, 1966. அரிசோனாவுல பாறைங்க நடுவுல ரஃப் ராக்னு ஒரு சின்ன ஊர். அங்க ஒரு ஸ்கூல் ஆரம்பிக்கிறாங்க. புதுசு என்னன்னா ஸ்கூல் போர்டு (நிர்வாகக் குழு) முழுக்க ஊர்க்காரங்க தேர்ந்தெடுத்த நவாஹோக்காரங்க, அவங்கள்ல பலர் ஸ்கூல் வாசப்படியே மிதிக்காதவங்க. ஆடு மேய்க்கிற, நெசவு பண்ற ஆளுங்க. ராபர்ட் ரோசல்னு ஒரு வெள்ளைக்காரர் முதல் டைரக்டர், கொஞ்ச காலத்துலயே டில்லன் பிளாட்டெரோங்கிற நவாஹோக்காரர் பொறுப்பு எடுத்தாரு. ஹாஸ்டல்ல பிள்ளைங்களை பாத்துக்க அப்பா அம்மாமாரையே மாத்தி மாத்தி கொண்டு வந்து வச்சாங்க, ராத்திரி கதை சொல்றதுக்கு தாத்தா பாட்டி. அதே ஸ்கூல்ல மருத்துவச் சடங்கு பண்ற பெரியவங்க சின்ன வயசுக்காரங்களுக்கு கத்துக்குடுக்குற திட்டமும் ஓடுச்சு. யாரும் வந்து "பண்பாட்டுக்கு ஏத்த கற்பித்தல்"னு பேர் வைக்கல. ஊர் கையில சாவி குடுத்தாங்க, அதுக்கப்புறம் மத்ததெல்லாம் தானா வந்துச்சு. பணம் மட்டும் தானா வரல, கிராண்ட் வந்தா ஓடும், கிராண்ட் நின்னா நிக்கும், வருஷா வருஷம் அந்த பாடு.

எனக்கு ரொம்ப பிடிச்ச சம்பவம் 1983-ல நடந்தது. ஹவாய்ல கீப்னு ஒரு திட்டம், ஹவாய் பூர்வகுடி பிள்ளைங்களோட வீட்டுப் பழக்கத்தை பாத்து வகுப்பை மாத்தி அமைச்சு, படிக்கிறதுல நல்ல ரிசல்ட் காட்டுனாங்க. "ஆஹா, பூர்வகுடி பிள்ளைங்களுக்கு ஃபார்முலா கெடைச்சிருச்சு"ன்னு அதை அப்படியே ரஃப் ராக்குக்கு கொண்டு வந்து ஒரு வகுப்புல போட்டுப் பாத்தாங்க. ஹவாய் ஃபார்முலா என்னன்னா, ஆணும் பெண்ணும் கலந்து நாலஞ்சு பேரா குழுவா உக்காந்து ஒருத்தருக்கொருத்தர் சொல்லிக்குடுத்து படிக்கணும். அங்க அது பிச்சுக்கிட்டு ஓடுச்சு, ஏன்னா அங்க வீட்ல பிள்ளைங்க கூட்டமா சேந்து வேலை செய்றதும் பெரிய பிள்ளைங்க சின்னதை பாத்துக்கிறதும் வழக்கம். நவாஹோ பிள்ளைங்க? குழுவா உக்காந்தாங்க, அவங்கவங்க பாட்டுக்கு தனித்தனியா வேலையை பாத்தாங்க. கொஞ்சம் வளந்த ஆம்பளைப் பசங்களும் பொம்பளைப் பிள்ளைங்களும் ஒட்டி ஒட்டி உக்காந்து பேசுறது அந்த ஊர் பழக்கத்துல கெடையாது, ஆட்டை ஓட்டிக்கிட்டு தனியா நாள் முழுக்க பொறுப்பா இருந்து பழகுன பிள்ளைங்களுக்கு கூட்டமா பேசித்தான் படிக்கணும்னு அவசியமும் இல்ல. ஆண் பெண் தனியா பிரிச்சு ரெண்டு மூணு பேரா உக்கார வச்சப்புறம்தான் வேலை நடந்துச்சு.

இன்னொண்ணு, கதை வாசிக்கிற பாடம். ஹவாய்ல டீச்சர் ஒரு பக்கம் படிக்க விட்டு, நிறுத்தி, "அடுத்து என்ன நடக்கும்னு நெனைக்கிற?"ன்னு கேப்பாங்க, பிள்ளைங்க ஒருத்தர் மேல ஒருத்தர் விழுந்து பதில் சொல்லும். ரஃப் ராக்ல பிள்ளைங்க, முழுக் கதையையும் கேட்டுட்டு அப்புறம் பேசலாம்னாங்க. பாதிக் கதையில என்னத்த பேசுறது! எனக்கு இதுல பிள்ளைங்க பக்கம்தான் நியாயம் தெரியுது.

அப்புறம் பாராட்டு. டீச்சர் எல்லார் முன்னாடியும் "சபாஷ், பாருங்க இவன் எப்படி செஞ்சிருக்கான்"னா மத்த எடத்துல பிள்ளை பூரிச்சுப் போகும். இங்க அந்த பிள்ளை தலையை குனிஞ்சுக்கும், அடுத்த தடவை சரியான பதில் தெரிஞ்சாலும் வாயை தொறக்காது. திட்டுறதும் அப்படியே, பேர் சொல்லி திட்டக்கூடாது, பொதுவா எல்லாருக்கும் சேத்து சொல்லிட்டு விட்டுடணும், யாருக்கு சொன்னதுன்னு அந்த பிள்ளைக்கு தெரியும். எங்க ஸ்கூல்ல "இந்த வார நட்சத்திரம்"னு ஒரு போட்டோ போர்டு இருக்கு. என் வகுப்பு எய்ட் அம்மா (உதவி டீச்சர், அறுபது தாண்டுன நவாஹோ பாட்டி, பிள்ளைங்க அவங்களை பாட்டின்னேதான் கூப்பிடும்) என்கிட்ட சொன்னாங்க, நட்சத்திரம் ஆகக்கூடாதுன்னே சில பிள்ளைங்க ஹோம்வொர்க்கை குடுக்காம வச்சிருக்கும்னு.

காத்திருக்குற சங்கதியை பத்தி 80-கள்லயே ஆராய்ச்சி பண்ணியிருக்காங்க. ஒரே மூணாம் வகுப்பு, ஒரே பிள்ளைங்க, ஒரு வெள்ளைக்கார டீச்சர், ஒரு நவாஹோ டீச்சர், ரெண்டு பேரையும் வீடியோ எடுத்து பாத்தாங்க. பிள்ளை பேசிட்டு நிறுத்துனதும் வெள்ளைக்கார டீச்சர் முடிச்சிருச்சுன்னு நெனச்சு உடனே அடுத்ததுக்கு தாவுறாங்க. நவாஹோ டீச்சர் இன்னும் கொஞ்ச நேரம் சும்மா இருக்காங்க, அந்த பிள்ளை மறுபடியும் பேசுது, ஏன்னா அது முடிக்கவே இல்ல, யோசிக்க நிறுத்துச்சு அவ்வளவுதான். நம்ம தமிழ் வகுப்பறையில வளந்த ஆளுக்கு இது எவ்வளவு கஷ்டம்னு சொல்லித் தெரிய வேண்டியதில்ல, கேள்வி கேட்டு ரெண்டு செகண்டுல பதில் வரலேன்னா "என்ன முழிக்கிற, நெக்ஸ்ட்"னுதானே நாம வளந்தோம். இப்ப நான் கேள்வியை கேட்டுட்டு கையில இருக்குற மார்க்கரோட மூடியை தொறந்து மூடிட்டு இருப்பேன், வேற வேலை இருக்குற மாதிரி. பதில் வருது. எப்பவும் இல்ல, ஆனா முன்ன விட நிறைய வருது.

ஆனா இங்கதான் ஜாக்கிரதையா இருக்கணும். மேல நான் எழுதுனதை படிச்சுட்டு ஒருத்தர் போய் "நவாஹோ பிள்ளைங்க பேசாத டைப், பாத்துதான் கத்துக்கும், கேள்வி கேக்கக் கூடாது"ன்னு ஒரு லேபிள் ஒட்டிட்டா கதை கந்தல். அப்படி ஒட்டவும் செஞ்சாங்க. வலது மூளைப் பிள்ளைங்க, காட்சி வழி கத்துக்கிறவங்கன்னு என்னென்னவோ பேர் வச்சு, அதையே சாக்கா வச்சு வாய்ப்பாடு அச்சடிச்ச தாளை மட்டும் குடுத்து உக்கார வச்சுட்டாங்க. இதை எதுத்து தெரசா மெக்கார்ட்டிங்கிற ஆராய்ச்சியாளரும் அவங்க கூட வேலை செஞ்ச நவாஹோ பாடத்திட்டக்காரங்களும் 1991-ல எழுதுனாங்க. ரஃப் ராக்ல, பிள்ளைங்க ஊரையே பாடமா வச்சு, இந்த ஊருக்கு என்னென்ன வேணும், எது இல்லாட்டி என்ன ஆகும்னு கேள்வி மேல கேள்வியா ஒரு சமூகவியல் பாடம் போட்டாங்க, "பேசாத பிள்ளைங்க"ன்னு பேர் வாங்குன அதே பிள்ளைங்க பேசித் தள்ளிருச்சு, வாதம் பண்ணுச்சு, காரணம் சொல்லுச்சு. அப்ப அமைதி பிள்ளையோட குணமில்ல, வகுப்போட குணம். பேசுறதுக்கு அங்க ஒண்ணுமே இல்லாம இருந்துச்சு.

இந்த ரெண்டையும் சேத்து மனசுல வச்சுக்கிறது கஷ்டம்தான். பழக்கவழக்கம் உண்மை, அதை மதிக்கணும், ஆனா அதுவே பிள்ளைக்கு கூரை ஆயிடக்கூடாது. ட்ரெயினிங்ல இதை சொல்ல மாட்டாங்க, ஏன்னா ஒரு ஸ்லைடுல அடங்காது.

இப்ப காலண்டர் விஷயம். நவாஹோ மரபுல கொயோட்டி கதைங்கன்னு ஒரு கடல் இருக்கு. கொயோட்டின்னா நம்ம குள்ளநரி மாதிரி ஒரு பிராணி, தந்திரமும் பண்ணும் முட்டாள்தனமும் பண்ணும், சிரிச்சு சிரிச்சு வயிறு வலிக்கும், உள்ள ஒழுக்கம் எல்லாம் இருக்கும். ஆனா அதை குளிர்காலத்துல மட்டும்தான் சொல்லணும். முதல் உறைபனி விழுந்து பாம்பும் கரடியும் தூங்கப் போனப்புறம் ஆரம்பிச்சு, வசந்தத்துல முதல் இடி இடிக்கிறதுக்குள்ள முடிச்சுடணும். கயிறு விளையாட்டும் அப்படியே, விரல்ல நூலை கோத்து நட்சத்திரக் கூட்டம் எல்லாம் உண்டாக்குவாங்க, அதுவும் குளிர்காலத்துக்கு மட்டும். நம்ம டெக்ஸ்ட்புக் கம்பெனிக்காரன் என்ன பண்ணுவான், நல்ல எண்ணத்துலதான், "பூர்வகுடி நாட்டுப்புறக் கதை"ன்னு ஒரு கொயோட்டி கதையை அஞ்சாவது யூனிட்ல வைப்பான், அது ஏப்ரல் கடைசியில வரும். வெளிய இடி இடிச்சிட்டு இருக்கும். பாட்டி வளத்த பிள்ளை புக்கை மூடி வச்சுட்டு உக்காந்திருக்கும், டீச்சர் "பார்ட்டிசிபேஷன் பூஜ்யம்"னு மார்க் போடுவாரு. பண்பாட்டைத்தான் உள்ள கொண்டு வந்தாங்க, ஆனா அது தப்பான மாசத்துல வந்ததால பிள்ளையை வெளிய தள்ளிருச்சு. இதுக்கு செலவே இல்லாத வைத்தியம் ஒண்ணு இருக்கு, அந்த யூனிட்டை டிசம்பருக்கு மாத்துறது. அதுக்கு கரிகுலம் ஆபீஸ்ல கையெழுத்து வேணும், டெஸ்ட் அட்டவணை மாறும், அதனால மாத்த மாட்டாங்க, ஆனா சார்ட் பேப்பருக்கு பணம் ஒதுக்குவாங்க.

கிரகணமும் அப்படித்தான். சூரிய கிரகணத்தப்ப மரபுப்படி நடக்குற குடும்பங்க வெளிய வராது, பாக்காது, சாப்பிடாது, தூங்காது, அமைதியா உக்காந்திருக்கும். கிரகணம் விட்டப்புறம் குளிச்சு சாப்பிடுற வீட்ல வளந்த நமக்கு இதுல ஆச்சரியமே இல்ல. 2023 அக்டோபர் 14 வளைய கிரகணம் நேரா நவாஹோ நிலத்து மேல போச்சு, உலகம் பூரா இருந்து டூரிஸ்ட் வர ரெடியா இருந்தான், நவாஹோ அரசு மானுமெண்ட் வேலி பூங்காவை அந்த நேரத்துக்கு மூடிருச்சு. வருமானம் போனா போகுதுன்னு. அது சனிக்கிழமை, தப்பிச்சோம். ஸ்கூல் நாள்ல வந்துச்சுன்னா சயின்ஸ் டீச்சர் கிரவுண்டுல கண்ணாடியோட நிக்க சொல்வாரு, வீட்ல வெளியவே வராதேன்னு சொல்லியிருப்பாங்க, பத்து வயசுப் பிள்ளை நடுவுல நிக்கும். சயின்ஸ் சொல்லித்தர வேணாம்னு நான் சொல்லல, நிழல் எப்படி விழுதுங்கிறதை அதுக்கு முந்தின வாரமோ அடுத்த வாரமோ டார்ச்சும் பந்தும் வச்சு நல்லா சொல்லித்தரலாம். பிள்ளையை கிரவுண்டுக்கு கூட்டிட்டு போனாத்தான் சயின்ஸுங்கிறதுதான் எனக்கு புரியல.

பாஷைக்கு வர்றேன். ராக் பாயிண்ட்னு இன்னொரு ஊர், 60-கள் கடைசியிலேர்ந்து அங்க பிள்ளைங்களுக்கு முதல்ல நவாஹோவுலயே எழுத்துக்கூட்டி படிக்க சொல்லித்தந்தாங்க, அது கைவந்தப்புறம் ரெண்டாம் வகுப்புலதான் இங்கிலீஷ் வாசிப்பு. ஒரே வகுப்புல ரெண்டு டீச்சர், ஒருத்தர் நவாஹோ மட்டும், இன்னொருத்தர் இங்கிலீஷ் மட்டும். இங்கிலீஷை தள்ளிப்போட்டா பிள்ளை பின்தங்கிடும்னு எல்லாரும் பயந்தாங்க. ஆனா மேல் வகுப்புக்கு வர வர, முதல்லேர்ந்தே இங்கிலீஷ்ல படிச்ச பக்கத்து அரசாங்க ஸ்கூல் பிள்ளைங்களை விட இவங்க இங்கிலீஷ் வாசிப்புலயே முன்னுக்கு வந்துட்டாங்க. தாய்மொழிக் கல்வி பத்தி நம்ம ஊர்ல சண்டை போடுறவங்க ரெண்டு பக்கமும் இந்த ஸ்கூலை பத்தி தெரிஞ்சு வச்சுக்கிட்டா நல்லது.

ஆனா அந்த முறை நவாஹோ பேசிக்கிட்டே ஸ்கூலுக்கு வர்ற பிள்ளைக்கானது. 1986-ல ஃபோர்ட் டிஃபையன்ஸ்ல பாத்தா, அஞ்சு வயசுப் பிள்ளைங்கள்ல பத்துல ஒண்ணு கூட நவாஹோ சரளமா பேசல. இப்ப இங்கிலீஷ்தான் வீட்டு பாஷை, நவாஹோவைத்தான் ஸ்கூல்ல சொல்லித்தரணும். அதனால முழுக்க நவாஹோவுல முக்கி எடுக்குற வகுப்பு ஆரம்பிச்சாங்க, சேரணும்னா ஒரே கண்டிஷன், சாயங்காலம் வீட்ல யாராவது ஒரு பெரியவங்க பிள்ளைகிட்ட நவாஹோவுல பேசணும். நாலாம் வகுப்புல பாத்தப்ப இங்கிலீஷ் டெஸ்ட்ல அவங்க மத்த பிள்ளைங்களுக்கு சமமா இருந்தாங்க, கணக்குல ஒரு படி மேல. இங்கிலீஷ் மட்டும் படிச்ச பிள்ளைங்களோ, எல்கேஜி வர்றப்ப இருந்த கொஞ்ச நஞ்ச நவாஹோவையும் தொலைச்சிருந்தாங்க. பாஷை எவ்வளவு வேகமா நழுவுதுன்னு தெரியணும்னா 2014 தேர்தலை பாருங்க. நவாஹோ நேஷனோட ஜனாதிபதி பதவிக்கு நின்ன ஒருத்தர் நவாஹோ சரளமா பேசலேன்னு தகுதி நீக்கம் பண்ணாங்க, ஊரே ரெண்டாச்சு, 2015-ல ஓட்டெடுப்பு வச்சு அந்த விதியையே தளத்திட்டாங்க. சின்ன வயசுக்காரங்க "எங்களுக்கு யார் சொல்லித்தந்தா, இப்ப வந்து பேச சொல்றீங்க"ன்னு கேட்டதுல நியாயம் இருக்கு.

என் வகுப்புல இருக்குறது இந்த தலைமுறை. பேசுறது இங்கிலீஷ், ஆனா பாட்டி பேச்சோட தாளம் உள்ள அந்த ஊர் இங்கிலீஷ், அதையும் ஸ்கூல் தப்புன்னு சிவப்பு மையில அடிக்குது. பாதி பேர் "மொழி ஆதரவு தேவை"ங்கிற லிஸ்ட்ல இருக்காங்க, ரெண்டாவது பாஷை இங்கிலீஷ்னு. முதல் பாஷை எதுன்னு கேட்டா அதுக்கும் இங்கிலீஷ்னுதான் பதில்.

டினே காலேஜ் பத்தி ஒரு வார்த்தை. 1968-ல ஒரு பழங்குடி அரசு தானே நடத்துன முதல் காலேஜ், அப்ப பேர் வேற. அவங்க படிப்பு முறையே நாலு திசையில இருக்கு: கிழக்கு யோசனை, தெற்கு திட்டம், மேற்கு வாழ்க்கை, வடக்கு திரும்பிப் பாத்து உறுதியாகுறது. நாலு புனித மலையும் அந்தந்த திசையில நிக்குது. அழகான ஏற்பாடு, அதை வாழ்றவங்க சொல்லிக் கேக்கணும். எங்க பக்கம் அதை லேமினேட் பண்ணி "ப்ராப்ளம் சால்விங் ஸ்டெப்ஸ்"னு கணக்கு ரூம்ல மாட்டி வச்சாங்க. நான் என் ரூம்ல மாட்டல. சடங்கோட ஒட்டி இருக்குற விஷயத்தை ரெண்டு வருஷ விசாவுல வந்த நான் எடுத்து பின்னக் கணக்குக்கு யூஸ் பண்றது சரியா படல. எய்ட் பாட்டி அதை பத்தி பேசுனா நான் ஓரமா உக்காந்து கேக்குறேன், அது அவங்க வேலை. எனக்கு அவங்க சொன்ன ஒரே ஒரு காரியம், முதல் நாள் பிள்ளைங்ககிட்ட பேரை மட்டும் சொல்லாதீங்க, உங்க அம்மா வழி அப்பா வழி ஆளுங்களை சொல்லுங்கன்னாங்க. அங்க அறிமுகம்னா நாலு குலம் சொல்லணும், அம்மா குலம்தான் முதல்ல, அதை வச்சுத்தான் யார் யாருக்கு என்ன உறவுன்னு முடிவாகும். நான் அம்மாச்சி ஊர், அப்பாயி ஊர், அங்க என்ன வெளையும்னு சொன்னேன். ஒரு பையன் "மிஸ், உங்க ஊர்ல ஆடு இருக்கா"ன்னு கேட்டான். இருக்குன்னேன். அதுக்கப்புறம் நிறைய கேள்வி வந்துச்சு, கணக்கு ஆரம்பிக்கவே நேரமாயிடுச்சு.

நியூ மெக்சிகோவுல 2018-ல யாஸி-மார்ட்டினெஸ் வழக்குன்னு ஒரு தீர்ப்பு வந்துச்சு, பூர்வகுடி பிள்ளைங்களுக்கும் இங்கிலீஷ் கத்துக்கிட்டு இருக்குற பிள்ளைங்களுக்கும் மாநிலம் போதுமான கல்வி குடுக்கல, அது அரசியல் சாசனத்தை மீறுனதுன்னு. வழக்கு போட்டவங்கள்ல முதல் பேர் கேலப் டவுனோட ஒரு நவாஹோ அம்மா. அதுக்கப்புறம் பணம் வருது, ட்ரெயினிங் நடக்குது, எனக்கே சர்டிபிகேட் குடுத்திருக்காங்க. அந்த ட்ரெயினிங்குக்கு எய்டுகளை கூப்பிடுறதில்ல. அவங்க மணிக்கணக்கு சம்பளம், அன்னிக்கு வந்தா யார் பட்ஜெட்ல எழுதுறதுன்னு குழப்பமாம். ரூம்ல நவாஹோ தெரிஞ்ச ஒரே ஆளு அவங்க, எந்த கதை எந்த மாசம்னு தெரிஞ்ச ஒரே ஆளும் அவங்கதான், சம்பளம் கம்மியான ஆளும் அவங்களே. போன செப்டம்பர்ல நாங்க சில டீச்சருங்க சேந்து ரெண்டு கோரிக்கை எழுதிக் குடுத்தோம்: எய்டுகளை காசு குடுத்து ட்ரெயினிங்ல உக்கார வைங்க, கொயோட்டி யூனிட்டை டிசம்பருக்கு மாத்துங்க. ரெண்டாவதுக்கு மட்டும் பதில் வந்திருக்கு, அடுத்த வருஷ கமிட்டியில பரிசீலிப்பாங்களாம், கமிட்டி கூடுறது மே மாசம்.